மின்னியின் முன்னங்கால்

போட்டிக்கு முன்னால் குதிரையின் வலியை ஆளின் கழுத்தில் ஏற்றிவிடுவது செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் காது குத்துவது போலச் சாதாரணமான காரியம். உணர்விழை என்று அதற்குப் பெயர். தோலுக்கடியில் வைக்கும் முடியளவு மெல்லிய கம்பி. குதிரைக்கு மூச்சு வாங்கினால் மேலே இருப்பவருக்கும் வாங்கும். அதற்குக் கால் கடுத்தால் இவருக்கும் கடுக்கும். நெடுந்தூரப் பந்தயத்தில் முதல்முறை இறங்குகிறவர்கள் அது இல்லாமல் சேணத்தில் ஏறவே முடியாது. அனுபவமில்லாதவர்கள் ஆசையில் விரட்டி விரட்டி எத்தனை குதிரைகளைச் சாகடித்தார்கள்! அதற்கப்புறம் வந்த விதி இது.

இசக்கியம்மாளுக்கு இதுதான் முதல் பந்தயம். நீர் ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. ஐம்பதை நெருங்கும் வயதில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டவளைப் பார்த்து ஆலையே சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. முழுத்தூரத்தையும் முடித்தால் பழகிய குதிரையை வீட்டுக்கே கூட்டிப்போகலாம். முடிக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். மின்னி என்ற அந்தச் செம்பட்டைக் குதிரையை விட்டுவிட்டு வீடு திரும்புவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

கூரையிட்ட பள்ளத்தாக்கில் பாதிக்கு மேல் வந்தாயிற்று. முன்னால் இரண்டே பேர். அப்போதுதான் யாரோ நெஞ்சைப் பிடித்து அமுக்குவது போல இருந்தது. இடது கை தோளிலிருந்து கடுத்தது. "ஐயோ, மின்னிக்கு இடது முன்னங்கால் போச்சே!" என்று பதறிப்போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சமும் தயங்கவில்லை அந்த மனுஷி. இறங்கினாள். சேணத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். "போனாப் போகுது புள்ள, நீ மெதுவா வா" என்று மின்னியின் கழுத்தைத் தடவியபடி அழுதுகொண்டே நடந்தாள். குதிரை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் நடந்தாளே, அந்த மனசு யாருக்கு வரும்? பந்தயம் பார்த்தே நரைத்தவர்களுக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது.

வழியில் குதிரைகளைச் சோதித்து அனுப்பும் நாடிமேடையில், குதிரை மருத்துவர் செபஸ்தியான் மின்னியை ஓடவிட்டுப் பார்த்தார். காலைத் தடவினார். நெஞ்சில் கருவியை வைத்தார்.

"குதிரை கல்லு மாரி இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"இல்ல அண்ணாச்சி, நெஞ்ச அடைக்கே. முன்னங்காலு என்னமா கடுக்கு!"

அவர் அவள் கழுத்திலிருந்த இழையைச் சோதித்தார். வெளியே வீசிய புழுதிப்புயலில் அதன் தொடர்பு எப்போதோ அறுந்திருந்தது.

"யம்மா, இது மின்னியோட வலி இல்ல. உங்க நெஞ்சு, உங்க கை. மொதல்ல உக்காருங்க. மனுச டாக்டரக் கூப்புடுதேன்."

இசக்கியின் முகம் மலர்ந்தது. "எனக்குத்தானா? நான் பயந்தே போயிட்டேன்! இது கொஞ்ச நாளாவே இருக்கு அண்ணாச்சி, வேலை மும்முரத்துல கண்டுக்கிடல. ஒரு மாத்திரையப் போட்டா போச்சு. அப்ப நான் கெளம்பலாம்லா?" என்று சேணத்தை எடுத்து மின்னியின் முதுகில் போட்டாள்.

செபஸ்தியானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குதிரையை நிறுத்த விதியில் எத்தனையோ வழி. ஆளை நிறுத்த ஒன்றுமே கிடையாது. அப்படியொரு விதியை ஒருமுறை கொண்டுவரப் பார்த்தபோது, எங்கள் உடம்பு எங்களுக்குத் தெரியாதா என்று சவாரிக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர் கெஞ்சினார், அதட்டினார். "முடிச்சிட்டு வந்து படுத்துக்கிடுதேன்" என்று அவள் சேணத்தில் தொங்கிய அங்கவடியில் கால் வைத்தாள்.

வேறு வழியில்லை. மேடையில் ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர் குனிந்து மின்னியின் காலைத் தொட்டார்.

"ஒரு நிமிசம். இந்தக் கணுக்கால் லேசா வீங்குன மாரி இருக்கு."

இசக்கி சட்டென்று காலை எடுத்துவிட்டாள்.

"அத மொதல்லயே சொல்ல மாட்டியளா!" என்று கடிந்துகொண்டு, கடிவாளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் மேடையோரம் கிடந்த ஸ்ட்ரெச்சரில் படுத்தாள்.