மிக்சருக்கு மறுப்புச் சோதனை

காலை ஏழு மணிக்கு நாயடுப்பு உயிர் பெற்றது. பச்சை விளக்கு எரிந்ததுமே நிறைமதி பாத்திரத்தை ஏற்றினாள். எட்டு மணிக்குத் தானாக அணைந்துவிடும். அதற்குள் பருப்பு வேக வேண்டும், சோறு வடிய வேண்டும், ரசம் நுரை கட்ட வேண்டும். பெரும்பாக்கம் அடுக்ககத்தின் முப்பத்தோராம் மாடியில் அந்த ஒரு மணி நேரமும் நடைவழி முழுக்க ஆட்கள் உலாத்துவார்கள். யாருக்கும் எங்கும் போகிற வேலை இருக்காது. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விடுவார்கள்.

"எதிர்வீட்டு ஆளு நாலாவது ரவுண்டு போறாரு," என்றான் தணிகை, கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு.

"போகட்டும், உடம்புக்கு நல்லது. நீங்க அந்தப் பூண்டைத் தட்டிக் குடுங்க," என்றாள் அவன் மனைவி நிறைமதி.

அனல் தடைச் சட்டம் வந்தபின் மனிதர்கள் சமைப்பது நின்றுவிட்டது. வேளைக்கட்டி சுவர்க்குழாய் வழியே வீட்டுக்கே வந்து விழும். சோப்புக்கட்டி அளவு, பழுப்பு நிறம், எல்லாச் சத்தும் உண்டு. ருசி கிடையாது. தின்று பழகியவர்களுக்குக் கொஞ்ச நாளில் பசியும் கிடையாது. மனிதர்கள் முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினார்கள். நாய்கள் விழுங்கவில்லை. ஆலைத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டினி கிடந்தே செத்தன. பிராணி நலக்காரர்கள் கொதித்தெழ, சட்டத்தில் ஒரு விலக்கு முளைத்தது: ஆலைத் தீனியை மறுக்கும் நாய் இருக்கிற வீட்டுக்கு மட்டும், அந்த நாய்க்காக மட்டும், தினம் ஒரு மணி நேரம் அடுப்பு.

அப்புறம் என்ன? ஊரே நாய் வளர்க்க ஆரம்பித்தது.

தணிகை வீட்டு நாயின் பெயர் மிக்சர். எந்த ஜாதி என்று கேட்டால், எந்த ஜாதி இல்லை என்று சொல்வதுதான் சுலபம். தட்டை வைத்தாலும் தொடாது. தணிகை "ம்" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வாய் வைக்கும். நாயடுப்பு உள்ள எல்லா வீட்டிலும் இந்த வித்தை உண்டு. ஆண்டுக்கொரு முறை நடக்கும் மறுப்புச் சோதனையில் நாய் ஆலைத் தீனியைத் தின்றுவிட்டால் அடுப்புக்கு சீல். உத்தரவு இல்லாமல் தின்னாத நாய் அந்த ஆபத்தில் மாட்டாது.

ஒரு மணி நேரத்தில் நாய்க்கென்று தனிப் பாத்திரம் ஏற்ற முடியுமா? ஆகவே வீட்டாரின் ரசம் சோறுதான் மிக்சருக்கும். ஐந்து வருடம் ஆனந்தமாகச் சாப்பிட்ட நாய், இந்த மாதம் பாதித் தட்டில் படுத்துவிட்டது.

கால்நடை மருத்துவர் ஃபர்சானா மிக்சரின் உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தார். "என்ன போடறீங்க?"

"சோறு, கோழி, கேரட்..."

"சார், நான் ஒண்ணும் போலீஸ் இல்ல."

தணிகை தலையைச் சொறிந்தான். "ரசம்."

"உப்பு, வெங்காயம், பூண்டு. உங்க டவர்ல எந்த நாய் வந்தாலும் இதே கதை." அவர் கையுறையைக் கழற்றி எறிந்தார். "ரத்தம் வத்திப்போச்சு. சிறுநீரகம் பாதிக்கு மேல காலி."

"இனிமே உப்பில்லாம, வெங்காயம் இல்லாம..."

"அதெல்லாம் தாண்டியாச்சு. ஆலையில இப்ப இதுக்குன்னே ஒரு குருணைத் தீனி வருது. மருந்து அதுக்குள்ளயே இருக்கு. பழைய தீனி மாதிரி இல்ல, நாய்ங்க உயிரை விடுதுங்க அதுக்கு. தின்னா நாலஞ்சு வருஷம் ஓடும். தின்னலைன்னா இந்த மழைக்காலத்தைத் தாண்டாது."

"ஒரு பொட்டலம் குடுங்களேன்."

"ஒரு பிடி குடுத்தாலும் பதிவு பண்ணணும் சார். பதிவு பண்ணா உங்க அடுப்பு போயிடும். வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேசினான். நிறைமதி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பேச்சு முடிந்தபிறகும் தேய்த்தாள்.

"அது சாகுது நிறை."

"நாம மட்டும் உயிரோடவா இருந்தோம்?" அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகி வந்த புதுசுல நாம ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சாப்பிட்டிருக்கமா? கட்டியைக் கடிச்சிட்டு ஆளுக்கொரு மூலை. எனக்குப் பசின்னா என்னன்னே தெரியாதுங்க. இந்த அடுப்பு வந்தப்புறம்தான் வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது."

"அதுக்காக..."

"சோதனை புதன்கிழமை. அதுக்கு முன்னால நீங்க எதுவும் பதிவு பண்ண வேணாம். அன்னிக்கு அது தின்னா தின்னட்டும். நான் தடுக்கல." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா 'ம்' சொல்ல வேண்டியது நீங்கதான்."

சொல்லிவிடுவது என்று தணிகை முடிவு செய்தான். இடையில் இருந்த மூன்று இரவும் மிக்சரின் விலா எலும்பைத் தடவி அதற்குச் சத்தியமே செய்து கொடுத்தான்.

புதன்கிழமை பரிசோதகர் பெஞ்சமின் அடுப்பு எரியும் நேரமாகப் பார்த்து வந்தார். எல்லா வீட்டுக்கும் அந்த நேரத்துக்குத்தான் போவார் என்று பேச்சு. பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டினார். "புதுக் குருணை. அடுப்பு அணையுற மணி அடிக்கிறவரைக்கும் வாய் வைக்கலைன்னா மறுப்புன்னு போட்டுடுவேன்."

மிக்சர் எழுந்தது. இரண்டு முறை சறுக்கி, மூன்றாம் முறை நின்று, கிண்ணத்திடம் போனது. முகர்ந்தது. பல நாளாக ஆடாத வால் ஆடியது. கடைவாயில் எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்து தணிகையை அண்ணாந்து பார்த்தது.

தணிகை வாயைத் திறந்தான்.

அடுப்பில் ரசம் நுரைத்தது. நிறைமதி கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். வேண்டுமென்று செய்தாளா, கை பழக்கமா, அவளுக்கே தெரியாது. மிளகும் புளியும் மல்லியும் ஒன்றாகக் கிளம்பி அவன் மூக்கில் ஏறின. திறந்த வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்கினான். விழுங்கியதோடு அந்தச் சத்தமும் உள்ளே போய்விட்டது.

இப்போது சொல்லலாம். இதோ, இப்போது. நாய் கண்ணைச் சிமிட்டாமல் காத்திருந்தது. முன்னங்கால்கள் நடுங்கின. பெஞ்சமின் நாயைப் பார்க்கவில்லை. அவர் கண் அடுப்பின் மேல் இருந்தது.

மணி அடித்தது.

"மறுப்பு," என்றார் பெஞ்சமின். குருணையை ஒன்று விடாமல் பொட்டலத்தில் அள்ளிப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போய் நின்றார். "எங்க வீட்டு நாய் போன மாசம் போயிடுச்சும்மா. கொஞ்சூண்டு... ஒரு டம்ளர் இருந்தாக்கூடப் போதும்."

நிறைமதி மூன்று தட்டு வைத்தாள். ரசத்தை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"குட்டி வாங்கறதா இருந்தா கண்ணு திறக்குறதுக்குள்ள வாங்கிடுங்க சார்," என்றார் பெஞ்சமின், தட்டை வழித்துக்கொண்டே. "இந்தப் புதுத் தீனி வாசம் ஒரு தடவை பட்டுட்டாப் போச்சு, அப்புறம் பழக்க முடியாது."

மிக்சர் வாசலோரம் கிடந்த பைமேல் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. தணிகை அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, தட்டை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றான்.