மூன்றாவது பிரதி

காலை ஒன்பது மணிக்கு அவள் காப்பகத்தின் கீழ்த்தள அறைக்கு வந்தாள். தூசி ஆகாது என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு விளக்கைப் போட்டாள். ஜன்னல் இல்லாத அறை. கம்ப்யூட்டர்களைக் குளிரவைக்கும் இயந்திரம் மூச்சு விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி அனுப்பிய பழைய பதிவுகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள், கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண். உள்ளே துளி மாறினாலும் எண் மாறிவிடும். இரண்டு பிரதி ஒத்துப்போய் மூன்றாவது முரண்டு பிடித்தால், கெட்டது மூன்றாவதுதான் என்பது விதி. ‘சீர்செய்’ என்று அழுத்தினால் நல்லது அதன்மேல் ஏறிவிடும்.

மூன்று நாளாக முரண்டு பிடித்தது ஒரே பதிவு. வார்டு தீப்பிடித்த அன்றைய தொலைபேசி ஒலிப்பதிவு.

அந்தத் தீயில் அவள் அக்கா செத்துப்போனாள். அங்கே நர்ஸ். உதவிக்கு யாரையும் கூப்பிடாமல் பத்து நோயாளிகளைச் சாகவிட்டவள் என்று பழி. விசாரணை மறுபடி தொடங்கியிருந்தது. இந்தப் பதிவு மட்டுமே சாட்சி. நல்ல பிரதியைக் கேட்டாள். நான்கு நிமிடமும் வெறும் இரைச்சல். அக்கா கூப்பிடவே இல்லை. அழுதுகொண்டே சீர்செய்தாள். மறுநாள் காலை பழையபடி கெட்டிருந்தது. அதற்கு மறுநாளும். மூன்று நாளும் சீர்செய்தாள்.

அதே காப்பகத்தில் மேலதிகாரியாக இருந்த கணவன் சிரித்தான். “அந்த டிஸ்க்குக்கு உங்க அக்கா குணம். சொன்னா கேக்காது.” கெட்டதைத் திறந்து கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றும் சொல்லியிருந்தான்.

இன்று நான்காம் நாள். அறையில் துணி கருகும் வாடை.

எங்கும் புகை இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கெட்ட பிரதியைத் திறந்தாள்.

“கடைசி வார்டு நர்ஸ் பேசறேன். கதவு வெளிய பூட்டியிருக்கு. பதினோரு பேர் உள்ள இருக்கோம்.”

அக்கா.

“சாவி என்கிட்டதான் இருக்கு. வரேன் சிஸ்டர்.”

தினமும் காலையில் அவளை எழுப்பும் குரல்.

தீப்பிடித்தபோது அவள் கணவன் ஆஸ்பத்திரித் தொலைபேசி அறையில் வேலை பார்த்தான். வார்டுச் சாவிகளும் அங்கேதான் இருக்கும். அன்று லீவு என்று சொல்லியிருந்தான். துக்கம் கேட்க வந்து, அம்மாவோடு உட்கார்ந்து அழுது, பிறகு பெண் கேட்டவன். பதிவில் அதற்கப்புறம் கதவு தட்டும் சத்தம். இருமல். கடைசிவரை யாரும் வரவில்லை.

பதிவை மாற்றும் அதிகாரம் அவளுக்கும் அவனுக்கும்தான், இருவரும் சேர்ந்தால்தான். அவள் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். நமக்குள் என்ன ஒளிவுமறைவு என்று அவளே சொன்னதுதான். இரண்டு பிரதிகளை அவன் இரைச்சலாக்கினால் போதும், மூன்றாவதை விதிப்படி அவளே அழித்துவிடுவாள்.

முதுகில் மூச்சுக்காற்று பட்டது. வெறுங்காலோடு வந்திருந்தான்.

“பயத்துல ஓடிட்டேன்,” என்றான் மெதுவாக. “அழுத்திடு. நம்ம பொண்ண நெனச்சுப் பாரு.”

அவள் ஹெட்போனைக் கழற்றி, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“மூணு நாளும் அழிச்சது உன் கை. பதிவேட்டுல உன் பேர்தான் இருக்கு.”

அவள் எழுந்து ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள். அவன் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனான், வீட்டுக்கும் வரவில்லை. அவள் அந்தப் பிரதியை விசாரணைக்கு அனுப்பினாள். மற்ற இரண்டும் பொய், மூன்று முறை உண்மையை அழித்தது நான் என்று கூடவே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து விசாரணை அலுவலக எழுத்தர் காப்பகத்துக்குப் போன் செய்தார். அக்கா மேல் பழி இல்லை என்று முடிவாகிவிட்டதாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஒரு சந்தேகம்மா,” என்றார் அவர். “கடைசியில அந்த சிஸ்டர் யாரையோ பாப்பான்னு கூப்பிடறாங்களே, அது யாரு?”

அது அக்கா மட்டும் அவளைக் கூப்பிடும் பெயர். பதிவில் அது கிடையாது. ஒவ்வொரு நொடியும் அவளுக்கு மனப்பாடம்.

கீழே ஓடிப்போய்ப் பிரதியைத் திறந்தாள். எண்ணில் ஓர் இலக்கமும் மாறவில்லை. நீளம் மட்டும் ஆறு நொடி கூடியிருந்தது.

இருமல் அடங்கியது. பிறகு அமைதி. பிறகு, காதுக்கு வெகு அருகில்:

“பாப்பா, மூணு தடவையும் திரும்பி வந்தது நான்தான்னு உனக்குத் தெரியலையா?”