அவ்ளோதான்

வாசலில் கழற்றிப் போட்ட ரப்பர் பூட்ஸ் இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர் நின்றது. இரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பிய கணவனுடையவை. "அந்த இரைச்சல நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வழக்கமாக வாசலிலேயே அவளைச் சீண்டி வம்புக்கு இழுக்கிற மனுஷன், இன்று இப்படி. களைப்பாக இருக்கும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள்.

இரைச்சல் என்றது கூடத்து மேசையில் இருந்த வயர்லெஸ் பெட்டியை. படகில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரைச்சலை அடக்கும் ஸ்குவல்ச் குமிழை அவள் கடைசிவரை திருகிவிட்டாள்.

நாலு மணிக்கு மூடுபனி ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. பாசியும் டீசலும் கலந்த ஒரு வாடை உள்ளறையிலிருந்து கசிந்து, மடித்து வைத்த துணிகளின் சோப்பு வாசனையை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தபோது, பூட்ஸ் மறுபடி நிறைந்திருப்பதைப் பார்த்தாள். அவன் எப்போதோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. "ஸ்குவல்ச்ச ரொம்ப ஏத்தாத. இரைச்சலோட தூரத்துல இருக்கறவன் குரலும் அடைபட்டுப் போயிடும்."

குமிழைப் பின்னால் திருகினாள். சர்ரென்ற இரைச்சல். அதற்கடியில் ஒரு குரல்.

"...காலையிலேருந்து கூப்பிடறேன். இன்ஜின் நின்னுடுச்சு. தண்ணி ஏறுது. அவ்ளோதான்."

அவள் கணவனின் குரல்.

வயர்லெஸ்ஸில் பேசி முடித்ததும் எல்லோரும் 'ஓவர்' என்பார்கள். "ஏற்கெனவே ஓவராத்தான் பேசறீங்க" என்று அவள் கிண்டலடித்த நாளிலிருந்து, அவளிடம் மட்டும் அவன் 'அவ்ளோதான்' என்பான். வேறு யாருக்கும் அது தெரியாது.

உள்ளறையை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அதே முதுகு. மூச்சில் அது ஏறி இறங்கவே இல்லை.

மைக் பொத்தானை அழுத்தினாள். "கேக்குதுங்க! நான்தான்!"

அவள் குரல் அவனுக்கு எட்டவில்லை. அவன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். பெட்டி மிகக் குறைந்த ஒரு வாட் பவரில் இருந்தது. இருபத்தைந்துக்கு மாற்றிவிட்டு மறுபடி கத்தினாள்.

"அப்பாடா! உன் குரல் வந்துடுச்சு. பேட்டரி போகப் போகுது, துறைமுகத்துக்கு எட்டல. நீ ஆபத்துக்குக் கூப்பிடற பதினாறாம் சேனலுக்கு மாத்திச் சொல்லு. விளக்குப் பாறைக்குத் தெக்கே இருக்கேன். அவ்ளோதான்."

"சொல்றேங்க. ஆனா இங்க... கட்டில்ல நீங்க படுத்திருக்கீங்க."

வெறும் இரைச்சல். பிறகு மெதுவாக, "வெளிய ஓடு."

கட்டில் கிறீச்சிட்டது.

முதலில் பதினாறு. அவன் உயிர் அந்த எண்ணில் இருந்தது. சேனல் குமிழை நோக்கிக் கை நீட்டினாள்.

ஈரக் காலடி. ஒன்று. இரண்டு. வாடை பின்கழுத்தில்.

மைக் பிடித்த விரல்களின்மேல் வேறு விரல்கள் படிந்தன. குளிர்ந்தவை. பொத்தானை அழுத்தின. விடவில்லை.

பொத்தான் அழுந்தியிருந்தால் அவன் பேசுவது கேட்காது. சேனலும் மாறாது. மறு கையால் குமிழைத் திருகினாள். திருகிக்கொண்டே இருந்தாள். எண் மாறவில்லை. கத்தினாள். ஏறுகிற தண்ணீரில் நின்றபடி அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

பெட்டியில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. மைக்கை நோக்கி ஒரு வாய் குனிந்தது. அவன் குரலில், இப்போதுதான் கற்றுக்கொண்டதுபோல், ஒவ்வொரு எழுத்தாக.

"அவ்... ளோ... தான்."