மூடுபனி இல்லாத காலை

ஆற்றங்கரையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மடக்கு முக்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த மலையைக் கறுப்பு மையால் வரைந்துகொண்டிருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் அந்த மலையின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அடிவாரத்திலிருந்த, அவர்களோடு படிக்கும் ஜின்ஹேயின் வீடு மண்ணுக்குள் போனது. அவனுடைய அப்பாவும் போனார். அதன் பிறகு யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜின்ஹே மட்டும் தூரிகையைத் தொடவில்லை. ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று பார்த்தான்.

"என்னடா லெய், உன் மலை வேகாத பன் மாதிரி இருக்கு?"

"போடா! நீ வரைஞ்சு காட்டு, பார்ப்போம்."

கடைசியாக ஷுவாங்கிடம் வந்தான். அவளுடைய தாளைக் குனிந்து பார்த்தான்.

மலை சரிந்த இடத்தில் அவள் எதுவுமே வரையவில்லை. தாளை வெள்ளையாக விட்டால் அது மூடுபனி. அப்படித்தான் எல்லோரும் வரைவார்கள். ஃபாங் டீச்சர்கூட, "பனி நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீயுமா?" என்றான் ஜின்ஹே. "எல்லாரும் அந்த இடத்துலதான் பனி விட்டிருக்கீங்க. இன்னிக்கு எங்க இருக்கு பனி?"

ஷுவாங் நிமிர்ந்தாள். மலைமேல் வெயில் பளிச்சென்று அடித்தது.

"வரைஞ்சா நீ அழுவியோன்னு நினைச்சேன்."

"எங்க வீடு இருந்ததே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

ஷுவாங் தூரிகையை மையில் தோய்த்தாள். பிறகு பக்கத்துப் புல்லைத் தட்டிக் காட்டினாள்.

"உட்காரு. அங்க என்னென்ன இருக்குன்னு சொல்லு. நான் வரையறேன்."

"சரிஞ்ச மண்ணு. உடைஞ்ச சுவர். அப்புறம்... எங்க பெர்சிமன் மரம்."

அவள் அதைக் கவனித்ததே இல்லை. இலையெல்லாம் உதிர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தக்காளி போலச் சிவந்த பழங்களோடு அந்த மரம் நின்றது. அவள் மண்ணை வரைந்தாள், சுவரை வரைந்தாள், மரத்தை வரைந்தாள்.

பிறகு படத்தின் மூலையில் தன் பெயரை முத்திரையிட வைத்திருந்த சிவப்பு மைச்சிமிழைத் திறந்து நீட்டினாள்.

"பழம் நீயே வை."

ஜின்ஹே விரல் நுனியால் மையைத் தொட்டான். மலையைப் பார்ப்பான், ஒரு பழம் வைப்பான். மறுபடி பார்ப்பான், இன்னொன்று வைப்பான்.

"உச்சியில இருக்கறதை விட்டுட்டியே," என்றாள் ஷுவாங்.

"அதைப் பறிக்க மாட்டோம். குருவிக்குன்னு அப்பா விட்டுடுவார்."

"பறிக்க வேணாம்டா. வரையலாமில்ல?"

ஜின்ஹே மலையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மரத்தின் உச்சியில், மெதுவாக, அந்தப் பழத்தை வைத்தான்.