அசையாமல் நின்றது

திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அஸ்ஃபியா லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் வீட்டுக் கூடம்தான். பெரிய கேமராவில் அவள் எடுத்த முதல் படம். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி வெறும் வண்ணக் கீற்றாகப் பதிந்திருந்தது. சன்னல் வழி வந்த கடற்காற்றில் ஆடிய திரைச்சீலை பச்சையும் நீலமுமாகக் கலங்கியிருந்தது. அப்படித்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டியிருந்த டிஜிட்டல் பேக் என்னும் கருவி ஒரே நொடியில் படம் பிடிப்பதில்லை. உள்ளே மெல்லிய பட்டை ஒன்று முனகிக்கொண்டே ஊர்ந்து, கோடு கோடாக ஐந்து நிமிடம் படத்தை வாங்கும். அதற்குள் அசைகிற எதுவும் கலங்கிவிடும்.

பாதங்கள் கலங்கவில்லை. தண்ணீரில் வெகுநேரம் ஊறிய தோலின் வெளுத்த சுருக்கங்களும், விரலிடுக்கில் ஒட்டிய மணலும் பருக்கை பருக்கையாகத் தெரிந்தன.

அவள் எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கினாள். யாரும் இல்லை. பின்னாலிருந்த கொல்லைக்கதவு தாழிட்டபடியே இருந்தது. சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. வெயில் படாமல் மூடி வைத்த ஈரத்துணியின் வாடை மட்டும் அந்த இடத்தில் நின்றது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொள்ள, பிற்பகலே இருட்டிக்கொண்டு வந்தது.

உம்மா இறந்தபிறகு திருமலைராயன்பட்டினத்து வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். மிஞ்சியிருந்த ஒரே துணை இவோன். காரைக்காலில் இருவரும் சேர்ந்து கல்யாணப் படங்கள் எடுத்தவர்கள். சின்னக் கேமராக்களைத் தோளில் மாட்டிக்கொண்டு நிக்காஹ்வுக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஓடிய நாட்களிலெல்லாம், ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதையாத படம் எடுக்க வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு. இவோன் முந்திக்கொண்டு இந்தக் கேமராவை எங்கிருந்தோ வாங்கினாள். எடுத்த படம் ஒன்றைக்கூட அஸ்ஃபியாவுக்குக் காட்டவில்லை. போன மாதம், மகள் ஆமெலியோடு பிரான்ஸுக்குக் குடிபோகும்போது, பெட்டியைத் தானே தூக்கி வந்து கொடுத்தாள்.

"எனக்கு இனிமே எதுக்குடி? நீ வச்சுக்க. மொதப் படத்த ஒன் வீட்டுக்குள்ளயே எடு."

கட்டிப்பிடித்து அழுதாள். தன்னையும் நினைக்க ஓர் ஆள் இருக்கிறாளே என்று அஸ்ஃபியாவும் அழுதாள்.

இப்போது அவள் திரைச்சீலையை முடிந்து வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். இரண்டாவது படத்தைத் தொடங்கினாள். பட்டை முனகியது. கண்ணெதிரே கூடம் காலியாக இருந்தது. நாற்காலி, சுவர், வாசற்படி. லேப்டாப்பில் படம் இடமிருந்து வலமாக மெல்ல வளர்ந்தது. சுவர் வந்தது. நாற்காலி வந்தது. பிறகு ஒரு தோள்.

முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள் ஒரு பெண். இடுப்பு வரை நனைந்த முடி. கெண்டைக்காலில் ஒட்டிய சேலை. காலடியில் தேங்கிய தண்ணீர்.

அஸ்ஃபியா நிமிர்ந்து பார்த்தாள். வெறும் சுவர்.

இவோனை அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"இவோன், இந்தக் கேமராவுல ஒரு பொம்பள..."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "வீட்டுக்குள்ளயா எடுத்தே?"

"நீதானே எடுக்கச் சொன்னே?"

"ஆமா."

"ஒனக்கு இது தெரியுமா?"

"ஆமெலி கட்டில்கிட்ட வந்து நின்னுச்சுடி. சின்னப் புள்ள. நான் என்ன பண்ணுவேன்? இன்னொருத்தர் தன் வீட்டுக்குள்ள வச்சு எடுத்தாத்தான் அது நம்மள விடும்."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"ஒனக்குத்தான் யாரும் இல்லையே, அஸ்ஃபியா."

மழைச்சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. கட்டிப்பிடித்து அழுத அந்தக் கைகள் இப்போதும் முதுகில் கிடப்பதுபோல இருந்தது. அவற்றை உதற வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்கு அழுதியே..."

"அது பொய் இல்லடி. சத்தியமா." இவோன் மூக்கை உறிஞ்சினாள். "பட்டை ஓடுறப்ப மட்டும் அது அசையாது. நிறுத்திடாத. எடுத்துக்கிட்டே இரு."

"எவ்வளவு நேரம்?"

போன் வைக்கப்பட்டது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. போன் அணைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது படம் எப்போதோ முடிந்திருந்தது. பட்டையின் முனகல் இல்லை. ஈரத்துணி வாடை நெருங்கி வந்திருந்தது. அவள் பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். முனகல் தொடங்கியது. அவள் கேமராவுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

சுவர். காலி. நாற்காலி. காலி. நிம்மதி வரவில்லை.

படத்தின் நடுவில் கறுப்பாக ஏதோ வளர்ந்தது. முடி. கீழிருந்து மேல்வரை முடி. பிறகு ஒரு காது. பிறகு கன்னம், வெளுத்து, ஊறி, படத்தின் உயரம் முழுவதையும் அடைத்துக்கொண்டு. கண் திறந்திருந்தது. இமை மயிர்களில் உப்பு. ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் எதிரே பார்க்க வேண்டும்.

வலது ஓரம் வந்தது. முடிந்தது. அடுத்த படத்துக்கான பொத்தானை அழுத்தினாள். சேமித்துக்கொண்டிருக்கிறது, பொறுத்திருக்கவும் என்றது திரை. மீண்டும் அழுத்தினாள். மீண்டும்.

முனகல் இல்லை.

கேமராவுக்கு அந்தப் பக்கம், மிக அருகே, அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ நிதானமாக வெளியே விட்டார்கள்.

லென்ஸின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது.