முகம் தேடும் கட்டம்

சிலுவை மாமாவின் வீட்டுக் கல்லறையைச் சுற்றி நின்றவர்கள் மூன்று பேர். ஆன்ஸ்லினின் கேமராத் திரையில் மஞ்சள் கட்டங்கள் ஐந்து. முகம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காருவதுதான் அந்தக் கட்டத்தின் வேலை. மூன்று கட்டங்கள் மூன்று முகங்களில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, மற்ற இரண்டும் தலைமாட்டில் நட்ட குருசுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், வெறும் இருட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றன. "சனியன், இன்னைக்குப் பாத்து மக்கர் பண்ணுது" என்று கேமராவின் தலையில் ஒரு தட்டு தட்டினான்.

ஏற்கெனவே எரிச்சல் மண்டிக் கிடந்தது. கருங்கல் ஊரில் ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவனைச் சென்னையிலிருந்து ஓர் இணையப் பத்திரிகைக்காரி கூப்பிட்டு, கல்லறைத் திருநாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். மாதிரிக்கு, மெக்சிகோவில் செத்தவர்களைக் கொண்டாடும் விழாப் படங்கள் வேறு. முகத்தில் மண்டையோட்டுச் சாயம், தெருவெல்லாம் கேந்திப்பூ, பாட்டு, பலகாரம். "இதே மாதிரி கலர்ஃபுல்லா வேணும் சார்." இங்கே என்ன இருக்கிறது? சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், மணல், மெழுகுதிரி. அதையும் கடல்காற்று ஏற்ற ஏற்ற ஊதி அணைத்தது. அணைந்த திரியின் புகையும் சாம்பிராணியும் கருவாட்டு வாடையும் சேர்ந்து தொண்டையில் கட்டிக்கொண்டன.

இதற்கெல்லாம் மேலே லிஜோ. தம்பி ஏறிப்போன விசைப்படகிலிருந்து பன்னிரண்டு நாளாக ஒரு தகவலும் இல்லை. பூசையில் வாசிக்கிற இறந்தோர் பட்டியலில் அவன் பெயரையும் சேர்க்கட்டுமா என்று காலையில் கோவிலிலிருந்து ஒருவர் வந்து பேச்சை இழுத்தார். அம்மா குளோரி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "செத்தவங்களுக்குத்தானே திரி? எம்மவன் மீன்பிடிக்கல்லா போயிருக்கான். வருவான்." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆன்ஸ்லினும் நடமாடினான். வருவான். வராமல் எங்கே போவான்.

பேட்டரியைக் கழற்றிப் போட்டான். லென்ஸை மாற்றினான். அடுத்த கல்லறையில் அஜிஷா அக்காவும் மகளும் மட்டும் நின்றார்கள், கட்டம் மூன்று. அதற்கடுத்தது, யாருமே வராமல், திரியும் இல்லாமல் இருண்டு கிடந்த கல்லறை. அங்கே ஒன்று. தனியாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல அகன்றது, ஒரு முகம் இவன் பக்கம் திரும்பிய மாதிரி.

திரும்பிப் போய்ச் சிலுவை மாமாவிடம் கேட்டான்.

"மாமா, உங்க குழியில எத்தன பேரு?"

"அப்பனும் அம்மையும். எடம் ஏது மக்கா, ஒரு வீட்டுக்கு ஒரு குழிதானே. ஏன் கேக்க?"

"சும்மாதான்."

இரண்டு பேர். இரண்டு கட்டம். அஜிஷா அக்காவின் குழியில் புருஷன் ஒருவர். ஒன்று. கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விடலாம் என்று பையைத் திறந்தபோது அம்மா கூப்பிட்டாள். அப்பாவின் கல்லறையருகே மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம கல்லறய எடுக்கெல்லியா மக்கா? லிஜோவுக்கு அனுப்பணும். சிக்னல் கெடச்சா பாப்பான்லா."

"வெளிச்சம் பத்தாதும்மா."

"திரி எரியுதுல்லா. எடு."

கோபம் கோபமாக வந்தது. காற்றின்மேல். சென்னைக்காரிமேல். கடல் சரியில்லை என்று படித்துப் படித்துச் சொல்லியும் படகேறிய தம்பிமேல். அம்மாவிடம் என்னவென்று சொல்வது? இந்தக் குழியில் அப்பா ஒருவர்தான். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அதற்குமேல் வரக்கூடாது மாதாவே.

கேமராவைத் தூக்கினான்.

அம்மாவின் முகத்தில் ஒன்று.

குருசருகே ஒன்று.

காத்திருந்தான்.

இரண்டுதான்.

கண்ணில் நீர் முட்டியது. இருக்கிறான். எங்கேயோ ஒரு கரையில் உயிரோடு இருக்கிறான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஆன்ஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. "இங்க பாரும்மா" என்றான்.

திரையின் ஓரத்தில், கடல் பக்கச் சுவரருகே, இன்னொரு கட்டம் எழுந்தது.

சின்னதாக. தூரத்தில்.

நகர்ந்தது. ஒரு கல்லறையருகே நின்றது. அடுத்ததற்குப் போனது. வழி தேடுகிற மாதிரி. ஒவ்வொன்றாகக் கடந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது.

"வேண்டாம்லே" என்றான் ஆன்ஸ்லின். "வராத."

வந்தது. அம்மாவின் அருகே வந்து, தாழ்ந்து, அவள் மடியில் சாய்ந்து நின்றது.

கேமராவைக் கீழே இறக்கினான். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அம்மா. திரி. மணல்.

"இப்ப எடு மக்கா" என்றாள் அம்மா, கடலையே பார்த்தபடி.

அவளுடைய வலது கை, மடிக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. மடிச்சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.