பன்னிரண்டாவது புகார்

மழை தூறிக்கொண்டிருந்தது. குடை கையில் இருந்தும் அவள் விரிக்கவில்லை. கோபமாக நடக்கும்போது குடை விரிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

தெருக்கோடியில், கம்பி வேலிக்குள், அந்தச் செல்போன் டவர் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. அதன் காலடியில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து ஒருவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். நெட்டையான ஆள். அவன் மழைக்கோட்டின் முதுகில் யாரோ வெள்ளைப் பெயிண்டால் ‘ஏணி’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"ஏங்க! இந்த டவரைப் பாத்துக்கறது நீங்கதானா?"

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி இமையில் நின்ற கண்கள்... உயரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அவசரமே இல்லாத கண்கள். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஆமாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுக்கட்டுமா?"

"தாராளமா. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க. உங்க கம்பெனிக்காரங்க நிம்மதியா தூங்கட்டும். நாங்க மட்டும் திரையில உருண்டு உருண்டு சுத்துற வட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கோம்!"

அவன் டப்பாவை மூடினான்.

அவள் மூச்சு விடாமல் பேசினாள். காது கேளாத நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவில், வீடியோவில் சைகை மொழியில் பேசிப் புரியவைப்பது அவள் வேலை. இரண்டு மாதமாக வீட்டிலிருந்துதான். அன்று காலை, காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தாய்க்கு, ‘அரை மாத்திரை’ என்று காட்டிக்கொண்டிருந்த அவள் கை திரையில் அப்படியே உறைந்துவிட்டது. நான்கு நிமிடம். மறுபடி படம் வந்தபோது அந்தத் தாயின் கண்ணில் இருந்த பயத்தை அவளால் மறக்க முடியவில்லை.

"போன் பண்ணினா, வைஃபை பெட்டியை அணைச்சுப் போடுங்கன்னு ஒரு குரல். பதினோரு தடவை புகார் குடுத்தேன். பதினோரு தடவையும் அணைச்சுப் போட்டேன். இனிமே அணைக்க எங்க வீட்ல அடுப்பு மட்டும்தான் பாக்கி!"

அவன் முகத்தில் ஏதோ மாறியது.

"பதினோரு புகாரா... அது நீங்கதானா?"

"ஏன், புகழ் அவ்வளவு தூரம் பரவியிருக்கா?"

"பரவியிருக்குங்க. அந்தப் பதினோரு புகாருக்கும் சேத்து எனக்கு மெமோ வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கோளாறைச் சரி பண்ணி, காரணத்தையும் எழுதிக் குடுக்கணும், இல்லன்னா சனிக்கிழமையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்னு எழுத்துல குடுத்துட்டாங்க." அவன் டவரைத் தட்டினான். "மூணு நாளா ஏறி இறங்கறேன். எல்லாம் சுத்தமா இருக்கு. இந்தத் தெருவுல நாப்பது வீடு. புகார் ஒரே ஒரு வீட்லேருந்து."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"கோளாறு உங்க வீட்ல இருக்கலாம்னு அர்த்தம்."

"எங்க வீட்லயா!"

அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். அவள் தந்தை வங்கியில் பெட்டக அறையின் சாவியை முப்பத்து நான்கு ஆண்டுகள் இடுப்பில் சுமந்து, ஒரு நாள்கூட ஒரு சொல் கேட்காமல் ஓய்வு பெற்றவர். அவர் தந்தைக்கும் அதே நற்பெயர்தான். மூன்று தலைமுறையாக அந்த வீட்டார் மீது எழுத்தில் ஒரு குறை கிடையாது.

"வாங்க. வந்து நீங்களே பாருங்க. இல்லன்னா இந்த வேலியைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேக்கணும்."

"வரேங்க. ஆனா குடையை விரிங்க. ரெண்டு பேரும் நனையணும்னு சட்டம் இல்ல."

அவள் விரித்தாள். தனக்கு மட்டும்.

*

கூடத்தில் தந்தை நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தார். வந்தவனை ஏற இறங்கப் பார்த்து, "செருப்பை வெளிய விடு தம்பி" என்றார். அவன் ஏற்கெனவே விட்டிருந்தான். மழைக்கோட்டையும் வாசலிலேயே கழற்றி மாட்டியிருந்தான். பரவாயில்லை, வளர்ப்பு தெரிகிறது என்று அம்மா மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அவன் தன் போனைக் கையில் பிடித்தபடி அறை அறையாக நடந்தான். திரையில் ஓர் எண் ஏறி இறங்கியது.

"மைனஸ் போட்ட எண்ணுங்க. சின்னதா இருந்தா சிக்னல் நல்லாருக்குன்னு அர்த்தம். சமையலறையில நூத்தி அஞ்சு... கூடத்துல தொண்ணூத்தி எட்டு... உங்க ஜன்னல்கிட்ட எண்பத்தி நாலு. எண்பத்தி நாலுன்னா ரதம் மாதிரி ஓடணுமே!"

"ஓடலையே!" என்றாள் அவள், வென்றுவிட்ட குரலில்.

"டவர் சிக்னலை வாங்கித் தர்ற வைஃபை பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?"

"பத்திரமாத்தான் இருக்கு" என்றார் தந்தை.

"பத்திரம்னா... எங்கங்க ஐயா?"

தந்தை எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்தார். படுக்கையறைக்குள் போனார். ஆள் உயர இரும்பு பீரோவின் முன் நின்று, முதல் பூட்டு, இரண்டாம் பூட்டு, உள்ளே இருந்த சிறு அறையின் பூட்டு என்று மூன்றையும் திறந்தார்.

உள்ளே, பட்டுத்துணி விரித்து, வீட்டுப் பத்திரங்களுக்கும் அம்மாவின் வளையல்களுக்கும் நடுவில், பச்சை விளக்கு மினுங்க உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டி. கரண்ட் ஒயர் போவதற்கென்று பீரோவின் முதுகில் அவரே அளந்து துளை போட்டு, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்.

"விலை உயர்ந்த பொருள். மேசை மேல போட்டு வைக்க நாங்க என்ன பொறுப்பில்லாதவங்களா?"

அவன் உதட்டைக் கடித்தான். கன்னத்தை உள்ளிழுத்தான். கூரையைப் பார்த்தான். எதுவும் பலிக்கவில்லை... சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"ஐயா... மன்னிக்கணும்... நாலு பக்கமும் இரும்பு... சிக்னல் எப்படிங்க உள்ள வரும்? அதுகிட்ட சாவி இல்லையே!"

தந்தையின் முகம் சிவந்து, கருத்து, கல்லாகியது.

"என் வீட்ல என் பொருளை எங்க வைக்கணும்னு கம்பத்துல ஏறுற ஆள் வந்து பாடம் எடுக்கணுமா? வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

அவன் சொன்னது அத்தனையும் சரி என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ‘பெட்டி நல்ல இடத்தில் இருக்கிறதா’ என்று கம்பெனிக் குரல் கேட்டபோதெல்லாம், ‘எங்க வீட்லயே இதைவிட நல்ல இடம் கிடையாது’ என்று தானே பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்து காது சூடாகியது. ஆனாலும்... அவள் அப்பாவைப் பார்த்து ஒருவன் சிரிப்பதா?

வாசல் வரை துரத்திக்கொண்டு போனாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சது எங்க அப்பாவுக்குத் தெரியாம இருக்கலாம். அதுக்காகப் பல்லைக் காட்டுவீங்களா? அவரைப் பாத்து இந்த ஊர்ல ஒருத்தரும் சிரிச்சதில்ல!"

அவன் சிரிப்பு அணைந்துவிட்டது. மழைக்கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"தப்புதாங்க. நான் சிரிச்சிருக்கக் கூடாது." ஒரு படி இறங்கித் திரும்பினான். அவசரமில்லாத அந்தக் கண்கள் ஒரு கணம் அவளிடமே நின்றன. "பெட்டியை ஜன்னல்கிட்ட வைங்க. கொஞ்சம் உயரத்துல. அந்தக் குழந்தையோட அம்மா மறுபடி பயப்படக் கூடாது, இல்லையா?"

போய்விட்டான். திட்டுவதற்கு அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே மிச்சமாகிவிட்டன.

*

மறுநாள் காலை பெட்டி ஜன்னலுக்கு வந்தது. அம்மாதான் கொண்டுவந்து வைத்தாள். "உங்க கௌரவம் பீரோவுலயே இருக்கட்டும். இது இங்க இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தை. தந்தை மதியம் கடைக்குப் போய் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து, பெட்டியை ஜன்னல் கம்பியோடு பிணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

படம் கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. அன்று ஏழு நோயாளிகள். ஒரு சைகைகூட உறையவில்லை. ஏழாவது அழைப்பு முடிந்ததும் அவள் விரல்கள் மடியில் சோர்ந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை... இன்னும் இரண்டு நாள்.

"அப்பா, கம்பெனிக்கு எழுதப் போறேன். கோளாறு டவர்ல இல்ல, எங்க வீட்லதான்னு."

"எழுதாத."

"அவர் வேலை போயிடும்பா."

"வாயால சொல்லு. போன் பண்ணு. எழுத்துல போகக் கூடாது, பாப்பா. எழுத்துல போனா அது நின்னுடும். இந்த வீட்டுக்காரன் முட்டாள்தனம் பண்ணினான்னு ஒரு காகிதம் எங்கேயோ ஒரு கோப்புல இருக்கும். என் அப்பன் பேருக்கும் சேத்து."

போன் பண்ணினாள். வேறொரு குரல், பெட்டியை அணைத்துப் போடச் சொன்னது. "பெட்டி நல்லாத்தாங்க இருக்கு! மெக்கானிக்மேல தப்பில்லைன்னுதான் சொல்றேன்!" என்று கத்தினாள். மெக்கானிக் தொடர்பான விஷயத்தை எழுத்து மூலமாக மட்டுமே ஏற்போம் என்றது குரல்.

இரண்டு இரவும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுதினால் அப்பா உடைந்துபோவார். எழுதாவிட்டால் அவன்... அவன் யார்? ஒரு மழைக்கோட்டு, ஓர் உயரம், இரண்டு கண்கள். அதற்காக ஏன் இப்படித் தூக்கம் கெடவேண்டும்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேசைக்குப் போனாள். எழுதிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. படித்தாள். மறுபடி படித்தாள். கூடத்துக்கு நடந்துபோய், தந்தையின் முன் நின்று உரக்க வாசித்தாள்.

"‘தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. காரணம், டவர் பராமரிப்பில் கவனக்குறைவு. பொறுப்பான ஊழியர் தன் தவறை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார். அவர் இன்றுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’"

"தப்பை... ஒப்புக்கிட்டானா? டவர்ல தப்பே இல்லையே!"

"இல்லைதான். உண்மையைச் சொன்னா உங்க பேரு கோப்புல ஏறும். அதுக்குத் தன் பேரை எழுதிக் குடுத்துட்டாரு. ரெண்டு பூட்டு மூணு பூட்டு போட்டு நாம காப்பாத்தின மானத்தை, நீங்க வாசலைக் காட்டின ஆள் காப்பாத்திக் குடுத்திருக்காரு, போதுமா?"

தந்தை மெல்ல எழுந்தார். அவர் முகம் அன்றுபோலவே சிவந்தது. ஆனால் இந்தக் கோபம் வேறு.

"எவனைக் கேட்டு எழுதினான்? என் குடும்ப மானம் இன்னொருத்தன் பொய்யில நிக்கணுமா? அவ்வளவு கேவலமாவா போயிட்டேன்?" சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏய், என் வெள்ளைச் சட்டையை எடு!"

நின்றபடியே, முத்து முத்தான கையெழுத்தில், ஒரு பக்கம் எழுதினார். பீரோவை விடவில்லை. பூட்டை விடவில்லை. துளையைக்கூட விடவில்லை. அடியில் முழுப் பெயரும், தன் தந்தை பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார்.

"குடுங்கப்பா, நான் கொண்டுபோறேன்."

"தப்பு என்னுது. அடுத்த தெருவுல இருக்கிற அவங்க ஆபீஸுக்கு நான்தான் போகணும். நீ போய் அந்தப் பையனைப் பிடி. ஊரைவிட்டுக் கிளம்பிடப் போறான்."

*

மழை கொட்டியது. அவள் ஓடினாள். வேலிக்கு வெளியே பை, கயிறு, கருவிப் பெட்டி எல்லாம் கட்டித் தயாராகக் கிடந்தன. ஆளைக் காணோம். அண்ணாந்து பார்த்தாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது.

"கீழ இறங்குங்க!"

"கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் இறுக்கிட்டு வரேங்க! அடுத்த ஆள் திட்டக் கூடாதில்ல!"

"இப்பவே இறங்குங்க! யாரைக் கேட்டு அந்தப் பொய்யை எழுதினீங்க? நாங்க கேட்டோமா? எங்க தப்பைச் சுமக்க நீங்க யாரு? எங்களுக்கு நீங்க உறவா? முறையா?"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. தெருவே கேட்டது. அவளுக்கு வெட்கம் அப்புறம்தான் வந்தது. அவன் இறங்கத் தொடங்கினான்... ஒவ்வொரு கம்பியாக, கொக்கியை மாற்றி மாற்றி. அத்தனை நேரமும் அவள் மழையில் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள். வார்த்தை தீர்ந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

அவன் கால் தரையைத் தொட்டதும் போன் அடித்தது. மறுமுனையில் அவன் மேலாளர் போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது.

"டேய் ஏணி! இங்க ஒரு பெரியவர் வந்து என் மேசைக்கு முன்னாடி உக்காந்திருக்காருடா. மெமோவைக் கிழிச்சாத்தான் எழுந்திருப்பேங்கறாரு. கடுதாசியை நாலு பேர் முன்னாடி தானே சத்தமா படிச்சிட்டாரு. கிழிச்சுட்டேன்டா சாமி! நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. அவரை யாராவது வந்து கூட்டிட்டுப் போங்கப்பா!"

போனை வைத்தான்.

"ஐயா... அவரே போனாரா?"

"அவரேதான். பின்ன? எங்க வீட்ல யாரும் இரவல் மானத்துல வாழறதில்ல." மூக்கை உறிஞ்சினாள். "சொல்லுங்க. ஏன் அப்படி எழுதினீங்க?"

"அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க... அவரைப் பாத்து ஊர்ல ஒருத்தரும் சிரிச்சதில்லைன்னு. முதல் ஆளா நான் சிரிச்சிட்டேன். மொத்த கம்பெனியும் சிரிக்க வேண்டாம்னு தோணிச்சு." தயங்கினான். "அது பாதிக் காரணம்."

"மீதி?"

"இறங்கி வர்றப்போ ஒவ்வொரு கம்பியிலயும் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேங்க. தரையும் வந்துடுச்சு, இன்னும் தெரியல." இமையில் நின்ற மழையைத் துடைக்காமல் அவளையே பார்த்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உறவா முறையான்னு கேட்டீங்களே... ஆகணும்னு ஆசை. வீட்டுக்கு வந்து, உங்க அப்பாகிட்ட முறையா கேட்டுட்டு, அப்புறம்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

அவளுக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது.

"அப்பாகிட்ட முதல்லயா? வாழப்போறது யாரு, அவரா நானா? இந்த மாதிரி விஷயத்தை முதல்ல என்கிட்டதான் சொல்லணும், தெரியுமா!"

"முதல்ல உங்ககிட்டதானேங்க இப்ப சொல்லியிருக்கேன்..."

திறந்த ஜன்னல்கள் எல்லாம் காத்திருந்தன.

"சரி..." என்றாள், நிலத்தைப் பார்த்தபடி, அந்த வாரத்தில் முதல் முறையாகக் கோபமில்லாத குரலில். "எனக்கும்தான்."